அக்காவின் மயிலுக்கு ஓர் ஆணி

சாலைக் கடைத்தெருவில் எத்தனையோ இரும்புக் கடை உண்டு. ஆனாலும் சுவரில் எதையாவது மாட்ட வேண்டும் என்று அலைகிறவர்கள் கடைசியில் என் கடைக்குத்தான் வந்து சேர்வார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். போன வாரம் ஒரு பெண் வந்தாள், ஓவியக் கண்காட்சி வைக்கப் போகிறாளாம். "நல்ல கொக்கியா குடுங்க அங்கிள்" என்றாள். கொக்கியில் நல்லது கெட்டது என்று ஒன்று தனியாகக் கிடையாது. என்ன சுவர், படம் எவ்வளவு கனம், கண்ணாடி உண்டா என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் விழவில்லை. நான் கொடுத்த கொக்கியில் மாட்டின படம் எதுவும் இந்த ஊரில் இதுவரை விழுந்ததில்லை.

என்ன சுவர் என்று முதலில் கேட்க வேண்டும். அதை நான் படித்துக்கொண்டது கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா இதே சாலையில் ஒரு அரிசி மண்டியில் எடை போடுகிறவர். அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்றால், இரண்டு இடத்துக்காரர்கள் வந்து பார்த்துப் பலகாரம் தின்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் தகவல் இல்லை. ஒரு வீட்டில் பெண் ஊமையோ என்றே கேட்டார்களாம். எங்களிடம் விடிந்ததிலிருந்து வாய் மூடாதவள்தான். அந்நியர் முன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது இடமும் இப்படியே போய்விட்டால் பேர் கெட்டுப்போகும், பிறகு ஒருத்தரும் படியேற மாட்டார்கள் என்று அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வாய் பேசலைன்னா செவுரு பேசட்டும்க்கா. இவ போட்ட மயிலை மாட்டிருவோம்."

பெண் போட்ட பூவேலையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டி வைப்பது அன்றைக்கு எங்கள் ஆட்களிடையே வழக்கம். வருகிறவர்கள் கேட்காமலே பெண்ணின் கைவேலையைத் தெரிந்துகொள்வார்கள். அக்கா ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கறுப்பு வெல்வெட்டில் ஒரு மயில் தைத்திருந்தாள். மாமா எதையும் சின்னதாகச் செய்கிறவர் இல்லை. தேக்குச் சட்டம், தடிக் கண்ணாடி என்று போட்டு எடுத்து வந்தார். அம்மிக்கல்லைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

ஆணி வாங்க என்னையும் சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர், "சுவரு செங்கல்லா வெட்டுக்கல்லா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"செவுரு செவுருதானே வே. இருக்கிறதுலயே கெட்டியான ஆணியா எடும்."

கெட்டியானதைக் கண்டுபிடித்தவன் நான். விரல் தடிமனில், நீலப் பளபளப்போடு, ஆணிச் சட்டிக்குள் தனியாகத் தெரிந்தது. பையன் கண்ணு பாத்தீரா என்று மாமா கடைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டார். அது கான்கிரீட்டில் இறக்குகிற ஆணி. எங்கள் வீடோ மழையில் ஊறி ஊறிப் புட்டு மாதிரி ஆகிப்போன செம்மண் வெட்டுக்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். அந்தச் சுவருக்கு மரமுளை இறக்கி அதில் திருகாணி போட வேண்டும். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதல் அடியில் சுண்ணாம்பு பெயர்ந்தது. இரண்டாம் அடியில் கல் உதிர்ந்தது. கொய்யாப்பழம் போகிற அளவுக்குக் குழி விழுந்த பிறகுதான் மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். தேங்காய் நாரைச் சுருட்டி, அப்பாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பைக் குழைத்து, குழியில் திணித்து ஆணியை நட்டார். பாயில் உட்காருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று சட்டத்தைத் தாழ்வாக மாட்டி, சாமி படம் மாதிரி தலைப்பக்கம் முன்னால் சாய்த்தும் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் வரும்போது ஆணி தலை குனிய ஆரம்பித்தது. கழற்றி வைக்கலாம் என்றால் பின்னால் அந்தக் குழி. மாமா என்னைப் பிடித்துப் படத்துக்கு அடியில் சுவரோடு நிறுத்தினார். சட்டத்தின் அடிக்கட்டை என் உச்சந்தலையில் சரியாக உட்கார்ந்தது.

"அசையாதடே. அக்கா வாழ்க்கை உன் தலையிலதான் இருக்கு."

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு பெரியப்பா என்று மூன்று பேர். மாப்பிள்ளைக்கு மின்சாரக் கம்பம் ஏறுகிற வேலை. பாயில் உட்கார்ந்ததும் அவருடைய அம்மா என்னைப் பார்த்தாள்.

"தம்பி உக்காரலியா?"

"பெரியவங்க முன்னால அவன் உக்கார மாட்டான்" என்றார் மாமா.

"நல்ல வளர்ப்பு."

நார் நெகிழ்ந்து சுண்ணாம்பு பொலபொலவென்று என் முடியில் கொட்டியது. பெரியப்பா உற்றுப் பார்த்து, தலையில் என்ன மாவா என்று கேட்டார். பவுடர் போடுவதென்றால் பையனுக்கு உயிர் என்று மாமா கூசாமல் சொன்னார். எனக்குக் கழுத்து வலித்தது. அதைவிட, தட்டிலிருந்த ஏத்தங்காய் பஜ்ஜியைப் பெரியப்பா ஒவ்வொன்றாகக் காலி பண்ணிக்கொண்டிருந்தது வலித்தது.

அப்போது மாப்பிள்ளை எழுந்தார். தையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே படத்துக்குப் பக்கத்தில் வந்து, நூலைப் பார்க்கிற மாதிரி குனிந்தார். ஆணியை ஒரு பார்வை பார்த்தார். உள்ளங்கையைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்தார். என் தலை லேசாகிவிட்டது.

"நீ போய் பஜ்ஜி தின்னு" என்றார் எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஜ்ஜிக்குப் போய்விட்டேன்.

மாப்பிள்ளை நின்றார், நின்றுகொண்டே இருந்தார். என்னடே இவ்வளவு நேரமா பாக்க என்று அவருடைய அம்மா கேட்டதற்கு, மயிலில் நிறைய கலர் இருக்கிறது, பார்த்து முடிய வேண்டாமா என்றார். அந்த நேரத்தில்தான் அக்கா காபித் தட்டோடு கதவடிக்கு வந்தாள். பக்கவாட்டில் நின்றதால் அவளுக்கு எல்லாமே தெரிந்தது, கையும் ஆணியும் குழியும். பாயில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு கைக்குத்தானே வேலை. மத்த கையில காபிய வாங்கிக்கிடுங்க, ஆறிரும்."

மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாப்பிள்ளை சிரிக்காமல், சட்டத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் டம்ளரை வாங்கினார்.

"பேச்சு நல்லாத்தானே வருது பிள்ளைக்கு. யாரு ஊமைன்னு சொன்னது?" என்றாள் அவருடைய அம்மா.

அவர்கள் போனதும் மாமா படத்தை இறக்கினார். ஆணி இழுக்காமலே நாரோடு கையில் வந்தது. செவுரு பேசினதா இல்லையா என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்றைக்குப் பின்கட்டில் டம்ளர் கழுவிக்கொண்டே அக்கா என்னைக் கூப்பிட்டாள். அவர் உன்னிடம் குனிந்து என்ன சொன்னார் என்று கேட்டாள். போய் பஜ்ஜி தின்னு என்றார் என்றேன். எப்படிச் சொன்னார் என்றாள். சொன்னபடியே சொல்லிக் காட்டினேன். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தடவை சொல்லு என்றாள். சொன்னேன். திரும்பவும் கேட்டாள்.

பஜ்ஜி தின்னச் சொன்னதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றுகூட அவளுக்கு மிச்சம் வைக்காமல் பெரியப்பாவும் நானும் தின்று தீர்த்ததில் அக்காவுக்கு ஏக்கம்போல என்று நினைத்து, நாளைக்கு அம்மாவிடம் சொல்லி உனக்கு மட்டும் தனியாகப் போடச் சொல்கிறேன் என்று ஆறுதல் சொன்னேன்.