அப்பாவோடு மாமாங்கத் தீர்த்தத்துக்கு

ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் குளத்தில் தன் அப்பாவுக்காகத் தீர்த்தம் ஆட வேண்டும் என்று என் அப்பா பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இம்முறை நான் உடனே சம்மதித்ததில் கொஞ்சம் கள்ளம் இருந்தது. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு அடுத்த மாதம் ஜப்பான் போகிறேன். அப்பாவைக் கல்லடியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. அக்காவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயிலில் மட்டக்களப்புக்கு ஒன்பது மணித்தியாலம். எப்படியாவது பேச்சைத் தொடங்க வேண்டும் என்று, மொழி வகுப்பில் படித்த ஓர் எழுத்தை எழுதிக் காட்டினேன்: 孝. 'கோ' என்று உச்சரிப்பார்கள். மேலே முதியவர், கீழே அவரைத் தாங்கும் பிள்ளை. பெற்றவரைப் பேணுதல் என்று பொருள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அந்தக் கிழவன் பாவம். இறங்க வழியில்லாமக் கிடக்கான்."

எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டேன். வாழைச்சேனை வரை வடை சாப்பிட்டோம்.

மறுநாள் காலை கல்லடியிலிருந்து, குளமும் கோயிலும் இருக்கும் அமிர்தகழிக்கு ஓட்டோவில் அறுநூறு ரூபாய். கோயிலுக்கு வெகு முன்னாலேயே சாரதி நிறுத்திவிட்டார். "இதுக்கங்கால விடமாட்டாங்க அண்ணன். ஐயாவத் தூக்கிட்டுத்தான் போகணும்."

பாரிசவாதம் வந்ததிலிருந்து அப்பாவின் இடக்கால் சொல்வழி கேட்பதில்லை. ஆனாலும், "சனம் பாக்கும், வேணாம்" என்றார். பத்தடி நடந்து பார்த்துவிட்டு என் முதுகில் ஏறினார்.

முதுகில் இருப்பவரின் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன். "வாற மாசம் நான் ஜப்பானுக்குப் போறன் அப்பா, வயசானவங்களப் பராமரிக்கிற வேலைக்கு. நீங்க அக்காவோட இருங்க."

குளம் வந்துவிட்டது. படியில் இறக்கிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு முழுகினார். எள்ளும் தண்ணீரும் விடும்போது தன் அப்பாவின் பெயரைச் சொல்லி அழுதார். போய்ச் சேர்ந்த அப்பாவுக்கு அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இருக்கிற அப்பாவை விட்டுவிட்டு நான் போகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள். படிகளில் பாசி வழுக்கும். மாற்றுவேட்டி இரண்டாகக் கொண்டுபோங்கள், தூக்குகிறவரும் நனைவார். சக்கர நாற்காலியை நம்ப வேண்டாம், அந்தச் சனத்துக்குள் உருளாது.

திரும்பும்போது ஈரத்தோடு மறுபடி முதுகில் ஏற்றினேன். தெருமுனை வந்த பிறகுதான் அப்பா வாய் திறந்தார்.

"அங்க கிழவன்மாரத் தூக்கக்குள்ள இவ்வளவு இறுக்கிப் பிடிக்காத மனே. நோகும்."