பாய்களுக்கு நடுவே

மாகறல் பக்கம் மின்சாரமே இல்லாத ஒரு தோப்பில் ஓலைக் குடில்கள் போட்டு யோகா முகாம் நடத்துகிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் வருஷக்கணக்கில் நின்று கால் வீங்கி, முதுகும் பிடித்துப்போன சுகாசினி, முதுகுவலிக்காகக் கற்ற யோகாவை இப்போது அங்கே சொல்லிக்கொடுக்கிறாள்.

அன்று காலை, வந்திருந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடி மல்லாந்து சவாசனத்தில் கிடந்தார்கள். அப்போது ஓலைத் தட்டிக்கு அடியிலிருந்து ஒரு நல்ல பாம்பு உள்ளே வந்தது. அதைப் பார்த்துக் கத்தப்போன சுகாசினி வாயை மூடிக்கொண்டாள். கத்தினால் எல்லோரும் துள்ளி எழுவார்கள், யாராவது மிதித்துவிடுவார்கள்.

"அப்படியே இருங்க. விரலைக்கூட அசைக்காதீங்க. மூச்சு வந்துக்கினு போய்க்கினு இருக்குது, அதை மட்டும் பாருங்க," என்றாள். குரல் நடுங்காமலிருக்க நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டாள்.

பாம்பு பாய்களுக்கு நடுவே ஊர்ந்து, காயத்ரி என்ற பெண்ணின் கணுக்காலை உரசிக்கொண்டு நின்றது. அவள் புருவம் சுருங்கியது.

"காத்துதான்மா. கண்ணைத் தொறக்காதீங்க."

பாம்பு மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாசல் வழியே போய் வேலிக்குள் மறைந்தது.

அதன் பிறகுதான் எல்லோரையும் எழச் சொன்னாள். "காத்துன்னு பொய் சொல்லிட்டேன்மா. வந்தது பாம்பு," என்றாள். காயத்ரி காலைச் சுருட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு தவழ்ந்து வந்து, வியர்த்திருந்த சுகாசினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானமே சிலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். காயத்ரி கிளம்பவில்லை.