சங்கத்து ஓலை

மகன் மாடியில் ஓலைக் கொட்டகை போடுகிறான். வெயிலுக்குக் குளுமையாக இருக்குமாம். காங்கிரீட் வீட்டின் தலையில் ஓலை! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வேலைக்காரர்கள் இறக்கிய கட்டிலிருந்து, குளத்தில் ஊறிய தென்னோலையின் அழுகல் வாடை எழுந்ததும் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் ஓலை முடைவதில் என் கையை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளில்லை. அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்த காலம். குளச்சலுக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே ஆண்களெல்லாம் சேர்ந்து ஒரு சகோதர சங்கம் வைத்திருந்தார்கள். பங்குனியில் மீன மாதம் பிறந்தால், வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னே, சங்கத்தார் வீடு வீடாகக் கூடிக் கூரை மேய்வார்கள். கூலி கிடையாது. ஓலையும் சங்கத்துப் பொது ஓலை. பெண்கள் முடைந்து கொடுப்போம். வேலை முடிந்தால் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும். அந்தக் கறியின் மணம்... சரி, அது கிடக்கட்டும்.

ஒரு வருஷம் அப்பா, சங்கத் தலைவர் வீட்டுக் கூரை முகட்டிலிருந்து விழுந்தார். இடுப்பு போயிற்று. மறு வருஷமும் பாயைவிட்டு எழும்பவில்லை. ஆள் வராத வீட்டுக்குக் கூரை இல்லை என்பது சங்கத்துச் சட்டம். எங்களுக்கோ சொந்தமாக ஒரு தென்னை கிடையாது. அம்மா அப்பாவுக்குப் பதிலாகத் தானே போய் எல்லா வீட்டுக்கும் ஓலை சுமந்தாள். நான் பின்னால் கயிறு சுமந்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் முறை வந்த அன்று மட்டும் ஒருவரும் வரவில்லை.

தலைவர் வீட்டுக்குப் போனோம். அவர் புதுக் கூரையின் கீழ் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"பொம்பளை சுமக்கது வேலையில சேராது தங்கம்மா. நீ கூரையில ஏறுனியா?"

"ஏற விட்டியளா அண்ணே? அவரு ஒங்க முகட்டுலேருந்துல்லா விழுந்தாரு."

"நல்லா பிடிச்சு நிக்கணும்" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் கூட்டாளிகளும் அதில் உண்டு.

அந்த இடவப்பாதி எங்கள் வீட்டுக்குள்ளேதான் பெய்தது. அப்பாவின் பாயை மூலைக்கு மூலை இழுத்தோம். மழை எங்களுக்கு முன்னே போய் அங்கே நின்றது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிற்று. ஒரு காலையில் மூச்சு நின்றது.

உடனே சங்கம் வந்தது. சகோதரன் செத்தால் எல்லாரும் வரவேண்டும் என்பதும் சட்டம்தான். சிலர் குழி வெட்டப் போனார்கள், சிலர் பெட்டிக்குப் பலகை அறுத்தார்கள், மிச்சப் பேர் முற்றத்தில் பந்தல் போட்டார்கள். ஒரு சொட்டு ஒழுகாத பந்தல். என்ன நேர்த்தி என்கிறீர்கள்! நான் முடைந்த ஓலையும் அதில் இருந்தது. அப்பா அதன் கீழ் நனையாமல் கிடந்தார்.

மறுநாள் பந்தலைப் பிரிக்க வந்தார்கள். அந்த ஓலையை விட்டுவிட்டுப் போகும்படி அம்மா கேட்டாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான்.

"இது சங்கத்து ஓலைல்லா" என்றார் தலைவர். "ஒங்க வீட்டுல இனி சங்கத்து ஆளு யாரு இருக்கா?"

கட்டிச் சுமந்துகொண்டு போனார்கள். மழை விட்டபாடில்லை.

பிறகு ஊருக்கு ஓடு வந்தது, காங்கிரீட் வந்தது. அடுத்தவன் கை வேண்டாம் என்றானதும் சங்கம் தானே கலைந்தது. அது கூடிய இடத்தில் இப்போது செல்போன் கடை. என் வயதுக்காரர்கள் என்னைக் கண்டால், அந்தக் காலத்து ஒற்றுமை இப்போ உண்டுமா அக்கா என்று பெருமூச்சு விடுகிறார்கள். இல்லை என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு குளிர்கிறது.