முதல் கொழுந்தும் ஒரு வசவும்

மனைவி போன பிறகு எட்டு மாதமாக நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவளைப் போல் நல்லவளை அத்தனை வலியில் போட்டு வதைத்த சாமிக்கு எதற்குக் கும்பிடு? பெப்ரவரியில் நான்கு நாள் லீவு கிடைத்தது. கொழும்பை விட்டு எங்காவது போனால் போதும் என்று கிளம்பிவிட்டேன்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் காலை 5.55 ரயில். வட்டவளை வந்ததுமே குளிர் பிடித்துக்கொள்ளும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

மறுநாள் ஏழு மணிக்கு அருவிக்குக் கூட்டிப்போக ஆட்டோக்காரர் ரவி வந்தார். பாதி வழியில், "அண்ணே, கோச்சுக்காதீங்க, கொஞ்சம் நின்னு போவோமா? எங்க வீட்டுக்காரி செல்வி இங்கதான் நிக்குறா" என்றார்.

தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறிக்காமல் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த மலை. மறுபடி திறக்கும் நாளில் முதல் பிடிக் கொழுந்தை மரத்தடிக் கல்சாமிக்கு வைப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். செல்வியின் அக்காதான் வைப்பாராம். நான்கு வருடத்துக்கு முன் அவர் கற்பூரம் ஏற்றியபோது, புகையில் மரத்துக் குளவிக்கூடு கலைந்துவிட்டது. குளவிகள் கொட்டிக் கும்பிட்ட இடத்திலேயே விழுந்தார், பிழைக்கவில்லை. இம்முறை செல்வியின் பொறுப்பு.

"வைப்பாளான்னு எனக்கே தெரியலண்ணே. வைக்காட்டி ஒருத்தரும் மலையில ஏற மாட்டாங்க" என்றார் ரவி.

இருபது பெண்கள் கூடையோடு காத்திருந்தார்கள். செல்வி மரத்தை அண்ணாந்து பார்த்தார். கூடு இல்லை. பிறகு கல்லைப் பார்த்து ஏச ஆரம்பித்தார். "ஒனக்குத்தானே கும்பிட்டா? கண்ணு அவிஞ்சா போச்சு? நீயெல்லாம் ஒரு சாமியா?" யாரும் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் கொழுந்தை வைத்தார். கற்பூரம் நீட்டியவரிடம், "அது இனி வேணாம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு கோபத்தோட ஏங்க வச்சீங்க?"

"கோவம் போகலங்க. பதிலும் கெடைக்கல. ஏசுறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?" என்று கூடையை மாட்டிக்கொண்டு ஏறினார்.

அருவி அழகுதான். போகிறவர்கள் அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரம் (சோப்) தேய்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள், பிறகு மூடுபனி இறங்கிவிடும். வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

திரும்பும்போது அந்த மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். ரவி புரிந்துகொண்டு தள்ளிப் போனார். கும்பிடக் கை எழவில்லை. மனைவியின் கடைசி வாரத்தைச் சொல்லிச் சொல்லி, தொண்டை கட்டும்வரை அந்தக் கல்லை ஏசினேன். அந்தச் சாமி நல்லவர்தானா என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் இல்லாத ஒருவரை யாரும் அவ்வளவு நேரம் ஏச மாட்டார்கள்.