கட்டுமரம் வந்தப்புறம் மணி அடிச்ச ஸ்கூல்

ஸ்லேட்டைத் துடைச்ச ஈரத்துணி வாசனை... அதோட மீன் செதில் வாசனை... ஹார்பர் பக்கத்துலேர்ந்து வர்ற கரிப்புகை. பத்தொம்பது வயசுல நான் முதல் வேலைக்குப் போன ராயபுரம் கார்ப்பரேஷன் பெண்கள் ஸ்கூலை நெனைச்சா, இந்த மூணும் கலந்துதான் மூக்குல ஏறும்.

ஸ்கூல்னா பெரிய கட்டடம்னு நெனைச்சுடாதீங்க. வாடகைக்குப் பிடிச்ச ஓட்டு வீடு. மூணு ரூம். ஜன்னலைத் திறந்தா எதுத்தாப்புல கடல்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. அப்பவே பட்டணம் பூரா கார்ப்பரேஷனுக்கு ஸ்கூல் இருந்துச்சு. எங்களுது தமிழ், அடுத்த தெருவுல உருது, ரயிலடிப் பக்கம் தெலுங்கு. மில்லு ஆளுங்களுக்கு வேலை முடிஞ்சு வந்தப்புறம் தனி வகுப்பு. எத்தனை விதமான ஜனம், எல்லாருக்கும் ஒரே ஆபீஸ்! அதுல நானும் ஒருத்தின்னு தலைகால் புரியாம திரிஞ்சேன்.

ஆனா எங்க ஸ்கூல்ல நாலாம் வகுப்போட சரி. அதுக்கு மேல படிக்கணும்னா ரொம்ப தூரம் போகணும், பொண்ணுங்களை யாரும் அனுப்ப மாட்டாங்க. அஞ்சாம் வகுப்பு கேட்டா, "வர்ற புள்ளைங்களே ஒழுங்கா வர்றதில்ல, அப்புறம் எதுக்கு?"ன்னு ஆபீஸ்ல கேக்குறாங்கன்னு எங்க பெரிய டீச்சர் சொன்னாங்க. பொய்யில்ல. மணி பத்துக்கு ஆஜர் எடுத்தா பாதிப் பேர் இருக்க மாட்டாங்க.

ஏன்னு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு.

அஞ்சலைன்னு ஒரு பொண்ணு. நாலாம் வகுப்பு. படிப்புல சூரப்புலி. அன்னிக்குப் பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன், அவ கண்ணு ஜன்னல் பக்கமே இருக்கு. தூரத்துல கடல்ல கட்டுமரத்துப் பாய் தெரிஞ்சுது. "எங்க நைனா மரம்"னு எழுந்தா. நான் வாசல்ல போய் மறிச்சு நின்னேன்... அவ கம்பி உடைஞ்ச ஜன்னல் வழியா குதிச்சு ஓடிட்டா. பின்னாடியே இன்னும் ஆறு பேர்!

கோபத்துல நானும் துரத்திக்கிட்டு ஓடினேன். மணல்ல செருப்பு புதையுது, புடவை காலைத் தடுக்குது. கரையில போய்ப் பார்த்தா, அஞ்சலை இடுப்புல தம்பியத் தூக்கிக்கிட்டு, தலையில கூடையோட நிக்கிறா. அவங்கம்மா குப்பம்மா வலையிலேர்ந்து மீனை உதறிக்கிட்டு இருந்தாங்க. புள்ளைங்க படிப்பு கெட்டுப்போகுதுன்னு நான் மூச்சுவாங்கப் பேசினதை முழுக்கக் கேட்டுட்டு, கையை அலசிக்கிட்டே சொன்னாங்க:

"வாத்தியாரம்மா, மரம் கரைக்கு வர்ற நேரத்த நீயும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது. உன் மணி உன் கைலதான கீது? அத்த மாத்திக்கினா இன்னா?"

 செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குத் திரும்பி நடந்தேன்.

மறுநாளே பெரிய டீச்சர் கையெழுத்தோட ஆபீஸுக்கு ஒரு மனு எழுதினேன். உருது ஸ்கூலுக்கு வெள்ளிக்கிழமை லீவு விடறீங்க, மில்லு ஆளுங்களுக்கு சாயங்காலம் பாடம் வெக்கிறீங்க, கடலை நம்பிப் பொழைக்கிற புள்ளைங்களுக்கு மட்டும் ஏன் தனி நேரம் கூடாது... பதினோரு மணிக்கு ஸ்கூல் ஆரம்பிச்சு சாயங்காலம் கொஞ்சம் தள்ளி விடறோம்னு. பெரிய டீச்சருக்கு உள்ளூர பயம். "வேலைக்கு வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள மனுவா"ன்னாங்க. ஆனாலும் கையெழுத்துப் போட்டாங்க.

ஒரு நாள் நடத்திக் காட்டுங்க, இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்ப்பாங்கன்னு பதில் வந்துச்சு.

அந்த நாள் இருக்கே... பதினொண்ணு அடிச்சுது. கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியில வந்து உக்காந்துட்டாங்க. வகுப்புல நாலே நாலு பொண்ணுங்க. அன்னிக்குப் பார்த்துக் காத்து சுத்தமா இல்ல, ஒரு மரமும் கரைக்கு வரல! பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... அவங்க கடிகாரத்தைப் பார்க்குறாங்க. நான் ஜன்னல் வழியா பார்த்தா, மரங்க இப்போதான் துடுப்புப் போட்டு மெதுவா கரைக்கு வருது. குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பறதுக்கு எழுந்துட்டாங்க.

அப்போதான் மணல்ல தடதடன்னு சத்தம்.

பாவாடை நனைஞ்சு, கையெல்லாம் செதிலோட, அஞ்சலை முன்னாடி ஓடி வர்றா. பின்னாடி எங்க ரெஜிஸ்டர்ல இருக்கற மீதி அத்தனை பேரும். அதோட நிக்கல... ஸ்கூல் வாசலையே மிதிக்காத பொண்ணுங்களையும் குப்பம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க. உக்கார இடமில்ல. திண்டாடிப் போயிட்டோம்.

இன்ஸ்பெக்டரம்மா குடையை மடியில வெச்சுக்கிட்டு மறுபடியும் உக்காந்தாங்க. அஞ்சலையைப் படிக்கச் சொன்னாங்க. அவ மூச்சுவாங்கிக்கிட்டே ஒரு பக்கம் முழுக்கத் தப்பில்லாம படிச்சா. வாசல்ல நின்ன குப்பம்மா முந்தானையால மூஞ்சைத் துடைச்சாங்க... வேர்வையா கண்ணீரான்னு எனக்குத் தெரியல.

ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு இன்ஸ்பெக்டரம்மா கேட்டது ஒண்ணுதான். "அஞ்சாம் வகுப்புக்கு இங்க எடம் எங்கம்மா இருக்கு?"

நானும் பெரிய டீச்சரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டோம்.

நாங்க கேட்ட பதினோரு மணியும் கிடைச்சுது. அடுத்த ஜூன்ல பின்கட்டுல கீத்துக்கொட்டகை போட்டு அஞ்சாம் வகுப்பு ஆரம்பிச்சோம். முதல் பேரு அஞ்சலை. பின்னாடி ட்ரெய்னிங் முடிச்சு, திருவொத்தியூர் பக்கம் அவளும் டீச்சரானா.

இப்போ அங்க மாடிக் கட்டடம், பெஞ்சு, மத்தியானம் சுடச்சுட சோறு. எல்லாம் பார்க்க அவ்ளோ சந்தோஷமா இருக்கு. பட்டணம் பூரா ஒரே நேரம், ஒரே சட்டம்.

போன வாரம் அந்தப் பக்கம் நடந்து போனேன். கேட்டைச் சாத்திட்டாங்க. வெளியில ஒரு சின்னப் பொண்ணு, ரெட்டைச் சடை, பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. லேட்டாம். ஏன்னு உள்ள யாரும் அவளைக் கேக்கல. நான் கேட்டேன். "கரையில அம்மாவுக்கு மீன் கூடை தூக்கிட்டு வர்றேன்"னு சொன்னா.

அவளை உள்ள விடற வரைக்கும் நானும் கேட்டாண்டயே நின்னேன்.