கடைசிப் பெயருக்கு ஓரெழுத்து

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம் பாலிகஞ்ச்சில், ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. மருத்துவமனைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். கல்லூரியில் நான் எழுதிய புரோகிராம்கள் சரியான விடை வந்தால் முடிந்துவிடும். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, தப்பு நடக்கும்போது என்ன செய்வது என்பதுதான் பாதி வேலை என்று. நெட் போகும். சர்வர் பதில் தராது. போன் நம்பர் கேட்ட கட்டத்தில் யாராவது வீட்டு முகவரியை எழுதுவார்கள்.

எனக்கு மேலே இருந்தவரை எல்லோரும் தாதா என்போம். வங்காள மொழியில் அண்ணன் என்று அர்த்தம். அவர் காட்டிய வழி சுருக்கமானது. எந்த எரர் வந்தாலும் புரோகிராமில் அதற்கென்றே இருக்கும் ‘கேட்ச்’ என்ற இடத்தில் பிடித்துவிட வேண்டும். பிடித்ததும், ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று ஒரே வாக்கியத்தைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

“என்ன எரர்னு நமக்காவது எங்கேயாவது பதிய வேண்டாமா?” என்று கேட்டேன்.

“கஸ்டமருக்குச் சிவப்பு எழுத்து பிடிக்காது,” என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று.

அந்தச் சமயம் ஒரு கண் மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. சிலரால் மட்டும் டாக்டரைப் பார்க்கப் பதிவு செய்ய முடியவில்லையாம். என்னைப் பார்க்கச் சொன்னார்கள். கோஷ் என்று போட்டுப் பார்த்தேன், பதிவானது. தாஸ் என்று போட்டேன், அதுவும் பதிவானது. போனை மாற்றினேன், பிரவுசரை மாற்றினேன், எல்லாம் ஒழுங்காக நடந்தது. தப்பு நடந்ததற்கு எங்கேயும் சுவடு இல்லை. பிடித்த எரரை எல்லாம் அங்கேயே தூக்கிப் போட்டிருந்தோம். எதைத் தேடுகிறேன் என்றே தெரியாமல் நாள் முழுக்கத் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். சாயங்காலம் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

அம்மா போன் செய்தாள். அப்பா ரயில்வேயில் இருப்பதால் எங்கள் வீடு கார்டன் ரீச்சில், குவார்ட்டர்ஸில். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அந்த மருத்துவமனைக்கு நாங்கள் செய்த வெப்சைட்டிலேயே பதிவு செய்துகொள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

“கொஞ்ச நேரம் கழிச்சுப் பண்ணுங்கன்னு சொல்லுதுடி. நானும் காலையிலேருந்து கழிச்சுக் கழிச்சுப் பண்ணிட்டே இருக்கேன்.”

“கட்டத்துல எல்லாம் என்னம்மா போட்ட?”

“பேரு, அப்புறம் கடைசிப் பேரு.”

“கடைசிப் பேருக்கு?”

“உங்கப்பா பேரோட முதல் எழுத்துதான். வேற என்ன போடறது? எனக்கு இருக்கிறதே அந்த ஓரெழுத்துதானே.”

நான் உடனே ஓரெழுத்துப் போட்டுப் பார்த்தேன். அதே வாக்கியம் வந்தது. சர்வரில் ஓடும் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பெயருக்குக் குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சர்வரில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். சர்வர் ஒவ்வொரு முறையும் அதை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள்தான் அதன் வாயைப் பொத்திவிட்டு, அம்மாவைக் காத்திருக்கச் சொல்லியிருந்தோம்.

தாதாவிடம் போனேன். “ஓரெழுத்தில் சர்நேமா? அப்படி யாருக்கு இருக்கும்?” என்றார்.

“எங்க வீட்டிலேயே இருக்கு.”

அந்த இரண்டெழுத்து விதியை எடுத்துவிடச் சம்மதித்தார். வாக்கியத்தைத் தொடக்கூடாது என்றார். எந்தக் கட்டம் தப்பு என்று கட்டத்துக்குக் கீழே ஒரு வரி போடலாமே என்று வாதாடினேன். அடுத்த புராஜெக்டில் பார்க்கலாம் என்றார். அதற்குள் அம்மா பொறுமையிழந்து, பஸ் பிடித்து மருத்துவமனைக்கே போய், வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

தொடக்கூடாது என்றது வாக்கியத்தைத்தானே என்று, ஒவ்வொரு கேட்சிலும் எரர் எங்களுக்கு மட்டும் தெரியும்படி பதிவாக வைத்தேன். மறுநாள் காலை அந்தப் பதிவைத் திறந்தால், பட்டியல் முடிவில்லாமல் ஓடியது. தேதி தப்பு, பின்கோடு தப்பு, சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை.

தாதா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “நீ கை வைத்த பிறகுதான் இவ்வளவு எரர்,” என்றார்.

“இதெல்லாம் முன்னாடியும் இருந்துச்சு, தாதா.”

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. டீ குடிக்கக் கீழே போய்விட்டார். நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.