பிலோமினா பார்த்த முகம்

அன்று ஆஸ்பத்திரியில் ஐந்து பேர் இருந்தோம். கட்டிலில் என் மகள் செல்வராணி, கதவோரம் மருமகன் யோகன், என் அண்ணன் ராமையா, நான், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்த பிலோமினா. அதில் பிலோமினா செத்துப்போய்விட்டாள் என்று போன செவ்வாய்க்கிழமை கொட்டகலை பஸ்ஸில் வைத்துச் சொன்னார்கள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதும் எனக்குத் தெரியவில்லை.

தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபோது பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்த அவள் மடியில் தூங்கியவர்கள்தானே நீங்கள் எல்லாரும்? அவள் ஏச்சும் பாட்டும் உங்களுக்குத் தெரியும். இது தெரியாது.

செல்வராணிக்கு நிறைமாதத்தில் பெண்பிள்ளை. மூச்சில்லாமல் பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பாக்கிறீங்களா?" என்றார். அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். "தாய் பாத்தா அடுத்தது தங்காது. யாரும் பாக்க வேணாம்." எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம். அடக்கத்தையும் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். பெற்றவர்களை யாரும் கேட்கவில்லை.

"நா ஒங்க சொந்தமில்லயே அண்ணே" என்று பிலோமினா மட்டும் அவர் கைக்குக் கீழே குனிந்து போய்ப் பிள்ளையை வாங்கினாள்.

லயத்துக்கு வந்தவர்கள் எல்லாம், "இன்னொன்னு பொறக்கும்" என்றார்கள். செல்வராணிக்குப் பால் கட்டிக் காய்ச்சல். சுவரைப் பார்த்தே கிடந்தாள். பிலோமினா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒம் புள்ளய நா பாத்தேன். சொல்லவா?"

"சும்மா இரு பிலோமி, பச்ச ஒடம்பு!" என்று அடுப்படியிலிருந்து நான் கத்தினேன்.

"ஒங்கிட்டயா கேட்டேன்? நீ சோத்தப் பாரு."

செல்வராணி திரும்பினாள். "சொல்லுங்க ஆயம்மா."

"தல நெறய முடி. நெத்தியில சுருட்ட. வலது காது நுனி யோகனுக்கு மாதிரியே மடிஞ்சிருந்திச்சு. கீழ் ஒதட்டுல ஒன்னோட பள்ளம்."

"கண்ணு?"

"மூடியிருந்திச்சு. பாக்காதத சொல்ல மாட்டேன்."

வேலை முடிந்து தினமும் வந்தாள். தினமும் அதே சொற்கள், ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை.

யோகன் மறுநாளே தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போய்விட்டார். அவர் மனசை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் பிலோமினா அவரை வாசலில் மறித்தாள். "டேய் யோகா, நீயும் கேட்டுட்டுப் போ. ஒனக்குந்தான் புள்ள." காது என்றதும் அந்த மனுஷன் தன் காதைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள். அது அவர்களுடையது, இங்கே எழுத மாட்டேன்.

பிலோமினாவின் அடக்கம் முடிந்து வரும் வழியில் செல்வராணி கேட்டாள்: "இனி யாரும்மா எனக்குச் சொல்லுவா?" அதைக் கேட்டு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படியில் நின்று அத்தனை நாளும் கேட்டவள் நான். முடி, காது, உதடு. ஒரு சொல் தவறாமல் பாதையிலேயே சொன்னேன். பிலோமினா விட்டுப்போனதில் நான் வைத்திருப்பது அதுதான், நான் பார்க்காத என் பேத்தியின் முகம்.

அன்று நானும் குனிந்து போயிருக்கலாம். போகவில்லை. அது என்னோடு கிடக்கட்டும். ஆனால் பிலோமினாவின் சவப்பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, பிறகு பிறந்த பேத்தியின் தலையைத் தடவி, "அன்னிக்கு நா தடுத்ததாலதான் இவ தங்கினா" என்று ஊருக்குக் கேட்கச் சொன்னாரே, அவரை மன்னிக்க மாட்டேன். என் கூடப் பிறந்த அண்ணன், ராமையா.